வலது மூலைக் கட்டம்

பெருநகரத் திட்ட அலுவலகத்தின் தலைமைத் திட்டமிடுநர் குலசேகரன், தனக்கு வரைபடப் பாடம் சொல்லிக்கொடுத்த தையல்நாயகி அம்மாளைப் பார்க்க வந்தார். குலசேகரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அலுவலகத்தில் அவர் நடந்து வந்தால் வராந்தாவே எழுந்து நிற்கும். இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் பழைய மாணவனாகிவிடுவார். கையில் ஒரு ஃபைல், கக்கத்தில் சுருட்டிய வரைபடம்.

"என்ன குலசேகரா, மூஞ்சி தொங்கிப்போச்சு?"

"லைட் ரயில் விஷயம்மா. ஏரிமுனை ஸ்டேஷன்ல ஒரு நாளைக்கு இருபது பேர்கூட ஏறுறதில்ல. நாளைக்குக் கூட்டம். மூடிடலாம்னு குறிப்பு தயார். என் கையெழுத்துதான் பாக்கி."

"என்ன காரணம் எழுதியிருக்கே?"

குலசேகரன் ஃபைலைப் பிரித்து வாசித்தார். "இப்பகுதி மக்களிடம் ரயிலில் செல்லும் பழக்கம் இல்லை."

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. இவங்களை ரயிலேற வைக்கிறது எப்படி?"

தையல்நாயகி குடையை எடுத்துக்கொண்டார்.

"இங்க சமைக்கிற புஷ்பராணிக்கு ரெண்டு நாளா காய்ச்சல். ஏரிமுனையிலதான் வீடு. வா, உன் ரயில்லயே போய்ப் பார்த்துட்டு வரலாம்."

உன் ரயில் என்றதில் குலசேகரனுக்குக் கொஞ்சம் உச்சி குளிர்ந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். சத்தமே இல்லை பார்த்தீர்களா, குலுங்கவே இல்லை பார்த்தீர்களா என்றார். அம்மாள் எல்லாவற்றையும் பார்த்தார்.

பன்னிரண்டு நிமிடத்தில் ஏரிமுனை வந்தது. இறங்கியது இவர்கள் இருவர்தான். கிழக்கே மிக அருகில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் வரிசை வரிசையான மாடிகள். ஒரு மூன்றாம் மாடியில் தலையில் துண்டு கட்டிய பெண் நின்றிருந்தார். இவர்களைக் கண்டதும் கையசைத்தார்.

"அவதான் புஷ்பராணி."

"அட, பக்கத்துலயே இருக்கே!"

பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கிழக்கே சுவர், சுவரை ஒட்டி வாய்க்கால். படிக்கட்டு மேற்கே பார்த்து ஒரு பொட்டலில் இறங்கியது. அங்கே பெரிய கம்பெனிகள் வரும் என்றார்கள். கருவேலம்தான் வந்திருந்தது.

சுவர் முடியும் இடம்வரை போய்ச் சுற்றி வர வேண்டும். நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மாளின் எழுபத்து நான்கு வயது முழங்கால் பத்தடிக்கு ஒருமுறை நின்றது.

"கார் வரச் சொல்லட்டுமாம்மா?"

"புஷ்பராணி வரச் சொல்லுவாளா?"

குலசேகரன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று.

புஷ்பராணி பதறிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "ஸ்டேஷன்லேருந்து நடந்தா வந்தீங்க? அப்படி யாரும் வரமாட்டாங்களேம்மா. நானே உங்க வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறித்தானே வர்றேன்."

"அப்போ ரயிலால உங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லையா?" என்று கேட்டார் குலசேகரன்.

"ஏன் இல்லாம? மணி பாக்க. ஏழே கால் ரயிலு போச்சுன்னா பஸ்ஸுக்கு ஓடணும். இந்த பிளாக்குக்கே அதான் கடிகாரம்." சிரித்துவிட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். அது ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. "ஒருநா அவசரத்துக்குச் சுவரேறிக் குதிச்சேன். இன்னும் நேராகல. வாசலை அந்தப் பக்கம் வெச்ச மகராசன் யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை கேக்கணும். சார் என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆபீஸ்... ஆபீஸ் வேலை."

தையல்நாயகி அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது குலசேகரனுக்கு.

கீழே இறங்கியதும் அம்மாள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். "வரைபடத்தை விரி. நாம இப்போ எங்க இருக்கோம்?"

குலசேகரன் ஸ்டேஷனில் விரலை வைத்தார். கிழக்கே நகர்த்தினார். சுவர், வாய்க்கால். அதற்கப்பால் விரல் நின்றுவிட்டது.

அங்கே தாளின் வலது கீழ் மூலை. உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டம். அதற்குள் அலுவலகத்தின் பெயர், அளவுகோல், தேதி. அடியில் பச்சை மையில் அவருடைய கையெழுத்து. குடியிருப்பு இருக்கவேண்டிய இடம் முழுவதையும் அந்தக் கட்டம் அடைத்துக்கொண்டிருந்தது.

"இதை வெச்சுத்தாம்மா வாசலை முடிவு பண்ணோம். கிழக்கே ஒண்ணுமில்லன்னு..."

"அந்தக் கட்டத்தை வலது மூலையில போடலேன்னா உனக்கு மார்க்கைக் குறைச்சது யாரு?"

"நீங்க."

"அஞ்சு மார்க்கு. முப்பது வருஷமாக் குறைச்சேன். அடியில என்ன இருக்குன்னு ஒருத்தரையும் கேட்டதில்ல." அவர் தன் குடைக் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குலசேகரன் எழுந்தார். மறுபடி மூன்று மாடி ஏறினார். சற்று நேரத்தில் இறங்கி வந்தார்.

"யாருன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல. அம்மாவை வெயில்ல நடக்க வைக்காதீங்க சார், பஸ்ல கூட்டிட்டுப் போங்கன்னாங்க."

அவர் ஃபைலிலிருந்த குறிப்பை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"இனிமே எதுலயும் கையெழுத்துப் போட எனக்கு யோக்கியதை இல்லம்மா. வேலையை விட்டுடறேன்."

"கிழக்கு வாசலை யாரு வரைவா?"

தையல்நாயகி குலசேகரனின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"நீயே வரை. கையெழுத்தும் போடு. யாரும் குடியிருக்காத இடமாப் பார்த்துப் போடு."