பார்த்த பக்கம் வழுக்கும்

மாடக்கண்ணு அண்ணாச்சியின் மீசை ஊருக்கே தெரியும். போன பொங்கலுக்கு அந்த மீசையை வைத்துத்தான் அவர் மைக்கைப் பிடுங்கிச் சவால் விட்டார். "அடுத்த வருசமும் வழுக்கு மரத்துல நம்ம வடக்குத் தெரு தோத்தா, இந்த மீசைய எடுத்துருதேன்!" கைதட்டல் அடங்குவதற்குள்ளேயே அவர் கை தானாக மீசையைப் பொத்திக்கொண்டது.

அந்த அடுத்த வருசம் வந்தேவிட்டது. சாயங்காலம் போட்டி. வடக்குத் தெருவில் உச்சிக்கு ஏறுகிற ஒரே ஆள், காலையில் கரும்பைக் கடித்துக்கொண்டே நடந்து வாய்க்காலில் விழுந்து கால் பிசகிப் படுத்துவிட்டான். அண்ணாச்சி, ஐயம்பெருமாள் சலூன் பெஞ்சில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயம்பெருமாள் வேறு யாருக்கோதான் கத்தி தீட்டினார். ஆனாலும் அந்தச் சத்தம் அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை.

"வழுக்கு மரம் எல்லாம் ஒரு வெளையாட்டா வே?" என்று நுரை பூசிய முகத்தோடு நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. பாலவேசம். கப்பலில் சமையல் வேலை பார்த்துத் திரும்பியவர். வாயைத் திறந்தால் போதும், உலகப் படத்தில் நாடுகள் இடம் மாறும். "நார்வேயில நான் பனிச்சறுக்குச் சாம்பியன்லா!"

"மலையில இருந்து சறுக்கி வருவானுவளே, அதா?" என்றார் ஐயம்பெருமாள்.

"அது சோம்பேறிப் பயலுவ வெளையாட்டு. நம்மது காடு மேடெல்லாம் தாண்டி அம்பது கிலோமீட்டர். கால்ல ரெண்டு பலகை, கையில ரெண்டு கம்பு. கப்பல் பனியில மாட்டிக்கிட்டு நின்னுது. சும்மா இருப்பானேன்னு சாப்பாட்டு பெஞ்சை ரெண்டாப் பொளந்து கால்ல கட்டுனேன். அன்னைக்குச் சனிக்கிழமை பாத்துக்கிடும். எண்ணெ தேய்ச்சுக் குளிக்காம எங்கம்மை விடுவாளா? நல்லெண்ணெ ஒழுகி பலகையில எறங்கிட்டு. விசில் ஊதுனான். முடிவுக் கோட்டுக்குப் போயிட்டேன். அங்க ஒருத்தனையும் காணோம். நானே ரிப்பனைக் கட்டி, திரும்பப் பின்னால போயி, ஓடி வந்து அறுத்தேன்."

"கூட ஒருத்தரும் வரலியாக்கும்?"

"என் நெழலே மறுநாள் காலையிலதான் வந்துது. பாவம், மூச்சு எரைக்க நின்னுது. சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்."

ஐயம்பெருமாள் கத்தியை எடுத்துவிட்டுச் சிரித்தார். கழுத்தில் கத்தி இருக்கும்போது சிரிக்கக் கூடாது என்பது அவர் தொழில் ஒழுக்கம்.

"அடுத்த வருசம் எண்ணெ கூடாதுன்னு சட்டம் போட்டானுவ," என்றார் பாலவேசம். "எனக்கென்ன? மோர் மொளகா ரெண்டைக் கடிச்சுக்கிட்டு ஓடுனேன். விட்ட மூச்சுல பனியெல்லாம் உருகி எனக்குப் பின்னால ஆறு ஓடுது. மத்த பயலுவ படகு பிடிச்சு வந்தானுவ. அந்த ஆத்துல இப்ப ரெண்டு தடுப்பணை இருக்கு வே."

"அதுக்கு அடுத்த வருசம்?"

"சட்டத்தை ரத்து பண்ணிட்டானுவ. எண்ணெயையும் பூசி மொளகாயையும் கடிச்சேன், தப்பாப் போச்சு. நிக்கவே முடியல. ரஷ்யா போச்சு, இமயமலை போச்சு. கடைசியில நம்ம ஊரு பஞ்சாயத்து போட்ட வேகத்தடையில தட்டித்தான் நின்னேன். கமிட்டித் தலைவரு கையில மெடலோட பின்னாலயே வாராரு. இட்டார்சி ஸ்டேசன்ல ரயிலுக்கு ஏதோ சிக்னல் கெடைக்கலியாம்."

அண்ணாச்சிக்கு மெடலைப் பற்றிக் கவலை இல்லை. அவர் மனசு வேறு கணக்குப் போட்டது. "மேடு வந்தா என்ன செய்வீரு? எண்ணெ பூசுன பலகை கீழல்லா இழுக்கும்?"

"எண்ணெய்க்கு மேடு பள்ளம் தெரியுமா? நாம பாத்த பக்கம் அது வழுக்கும். மேல பாத்தா மேல வழுக்கும்."

முங்கிச் சாகிறவனுக்குத் துரும்பு என்ன, தூசி என்ன! அண்ணாச்சி எழுந்து பாலவேசத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இன்னைக்கு நீருதான் வே ஏறுதீரு!"

நுரைக்கு அடியிலும் பாலவேசத்தின் முகம் வெளுத்தது தெரிந்தது. முடியாது என்றால் நார்வே போச்சு. "சரி," என்றார், மிகச் சின்னக் குரலில்.

சாயங்காலம் வடக்குத் தெரு ஆட்கள் தோள் மேல் தோளாக நிற்க, பாலவேசம் ஏறினார். அதுதான் அதிசயம், ஏறியே விட்டார்! மேலேயே பார்த்தபடி, வாயில் ஒரு மோர் மிளகாயோடு, எதிரணித் தெற்குத் தெருக்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க அடிக்க ஏறினார். உச்சியில் கட்டிய மஞ்சள் துணிக்கு இன்னும் ஒரு சாண்தான். அண்ணாச்சிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சந்தோசம் தாங்காமல் கத்தினார்.

"ஏ பாலவேசம்!"

பாலவேசம் கீழே பார்த்தார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் என்னையும் அவர் கட்சியில் சேர்த்துவிடுவீர்கள். சொல்கிறேன். சர்ரென்று இறங்கினார், தோள் மேல் நின்ற அத்தனை பேரையும் சரித்தார், எண்ணெயும் தண்ணீரும் குழம்பிய சேற்றில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெருவுக்குப் போனார். வேகத்தடையில் தட்டித்தான் நின்றார். தெற்குத் தெரு நிதானமாக ஏறி மஞ்சள் துணியை அவிழ்த்தது.

அன்றைக்கே சலூனில் அண்ணாச்சியின் முகத்தில் நுரை. பாலவேசம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில்.

"சாம்பியன்னு சொன்னேரே வே!" என்றார் அண்ணாச்சி.

"கூப்பிட்டது ஆரு? நீரு கூப்பிட்டேரு, நான் கீழ பாத்தேன். பாத்த பக்கம் வழுக்குமா வழுக்காதா? நான் காலையிலயே சொன்னனா இல்லியா?"

மீசையின் வலப் பாதி மடியில் விழுந்தது.

"மீசைக்குப் போயி கலங்குதீரே," என்று பாலவேசம் பெஞ்சை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நார்வேயில ஒரு நாள் என் மீசை குளிர்ல வெறைச்சு ஒடிஞ்சு விழுந்துட்டு. எடுத்து ஒரு தொட்டியில நட்டு வச்சேன், பாத்துக்கிடும். மறுநாள் காலையில..."

"ஐயம்பெருமாளு," என்றார் அண்ணாச்சி, "மீதி மீசை கெடக்கட்டும். மொதல்ல அந்த நாக்கை எடு."