வியாகுலம் விட்ட எட்டு பாகம் கயிறு

ஒரு ஊர்ல ஒரு வியாகுலம் இருந்தாரு. பேரு வச்ச நேரமோ என்னமோ, மனுசன் எதுக்கெடுத்தாலும் கவலைப்படுவாரு. உலை கொதிச்சா பொங்கிருமோன்னு கவலை, கொதிக்கலைன்னா அடுப்பு அணைஞ்சுருச்சோன்னு கவலை. ஆனா தங்கமான மனுசன். அவரு பொண்டாட்டி ஞானப்பூ. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெருசு. ம் சொல்லு. நீ ம் சொல்லலைன்னா கதை அங்கயே நின்னுக்கும்.

அந்த ஊருக்கு வடக்கயும் கடல், தெக்கயும் கடல். ஐப்பசி பொறந்து வாடைக்காத்து கிளம்புச்சுன்னா வடகடல் துள்ளும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். அதனால எல்லாரும் அவங்கவங்க படகைத் தெக்க கொண்டுபோய் நங்கூரம் போட்டுட்டு, வாடை முடியுற வரைக்கும் வீட்ல உக்காந்து கிழிஞ்ச வலையைப் பொத்துவாங்க.

வியாகுலம் இருபது வருசம் அடுத்தவங்க படகுல போனவரு. அந்த வருசந்தான் சொந்தமா ஒரு படகு வாங்கியிருந்தாரு. பச்சைப் பெயின்ட் அடிச்ச படகு. அதைத் தாயின்னுதான் கூப்பிடுவாரு. தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. ஞானப்பூ கேப்பா, "என்னைய இப்படித் தொட்டுப் பாத்திருக்கீங்களா?" அவரு வெக்கப்பட்டுக்குவாரு.

அப்புறம் வாடை வந்துச்சு. தாயியைத் தெக்க கொண்டுபோனாரு. மார்பளவு தண்ணியில நங்கூரத்தை இறக்குனாரு, தொபுக்! கயிறு எவ்வளவு விட்டாரு தெரியுமா? ரெண்டு பாகம். ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், அப்படி ரெண்டு. மத்தவங்க படகெல்லாம் எட்டு பாகக் கயித்துல தள்ளி மிதக்குது. இவரு படகு மட்டும் கரைக்குப் பக்கத்துலயே நின்னுச்சு. தள்ளி விட்டா கடல் கொண்டுபோயிருமோன்னு பயம்.

வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு வந்து பாக்குறாரு. காத்து உய்ய்ய்ன்னு வீசுது. கயிறு விண்ணு விண்ணுன்னு இழுத்து இழுத்து நங்கூரம் பேந்துபோச்சு. தாயி நகந்து போயி பக்கத்துப் படகுல டொம்! அந்தப் படகுக்காரன் சலேத்து, "அண்ணே, உன் படகு என் படகை முட்டிக் கொல்லுது!"ன்னு கத்துறான்.

மறுநாள் என்ன பண்ணாரு? ரெண்டு நங்கூரம் போட்டாரு. கயிறு? அதே ரெண்டு பாகம். அலை வந்தா படகு மூக்கைத் தூக்கணுமா இல்லையா? தாயியால தூக்க முடியல. தண்ணி சளப்பு சளப்புன்னு உள்ள வந்து பாதிப் படகு நெறைஞ்சுபோச்சு. மோந்து மோந்து ஊத்துனாரு, இடுப்பு விட்டுப்போச்சு. ம்? முழிச்சிருக்கியா? சரி.

மூணாம் நாள் அவரு பண்ணதுதான் பெரிய கூத்து. தானே படகுல ஏறி, கயித்தைக் கையில சுத்திக்கிட்டு உக்காந்துட்டாரு. சோத்துக்கும் வரல. மழை சோன்னு கொட்டுது. ஹச்! ஹச்! மேகம் கறுத்துக்கிட்டு வருது. சாயங்காலம் பெருங்காத்து அடிக்கும்னு ஊரே சொல்லுது. நங்கூரம் இன்னொரு தடவை பேந்தா தாயி நடுக்கடலுக்குத்தான், அதுவும் அவரையும் சேத்துக்கிட்டு.

ஞானப்பூ சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு தண்ணியில எறங்கி வந்தா.

"எறங்குங்க."

"நான் எறங்குனா தாயி போயிருமே பிள்ளை."

"இருபது வருசமா ஊரான் படகுக்குக் கயிறு விட்டீங்களே, எவ்வளவு விட்டீங்க?"

"எட்டு பாகம்."

"எதாவது போச்சா?"

"ஒண்ணும் போகல."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

 அவரு சின்னப் பிள்ளை மாதிரி, "இது என்னோடதாச்சே"ன்னாரு. கண்ணு கலங்கிருச்சு.

"உங்களோடதுதான். மூச்சு விட விடுங்க. நான் எண்ணுறேன்."

மூணு. கயிறு சரசரன்னு போச்சு. தாயி கொஞ்சம் பின்னால போச்சு. நாலு. அஞ்சு. "போதுமா?" "போதாது." ஆறு. ஏழு. எட்டு. கயித்தை இறுக்கி முடிஞ்சாரு. தாயி மூக்கைக் காத்துக்கு நேரா திருப்பிக்கிச்சு, ஒரு அலை மேல ஏறிச்சு, எறங்குச்சு. இழுக்கல. முரண்டு பிடிக்கல.

அவரு எறங்குனாரு, ரெண்டு பேரும் தண்ணியில நடந்து கரைக்கு வந்தாங்க. கயிறு இல்லாத கையை என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியல. ஞானப்பூ தன் கையை நீட்டுனா. "எதையாச்சும் பிடிச்சாத்தான் ஆவும்னா இதைப் பிடிங்க. நல்லா இறுக்கியே பிடிங்க, இது ஒண்ணும் பேந்துராது."

அப்புறம் காத்து வந்துச்சு பாரு! ஹோ ஹோன்னு ஒரு காத்து. ஓலையெல்லாம் பறக்குது. இருட்டுற கறுக்கல்ல கரையில நின்னு பாக்குறாரு. காத்து தள்ளத் தள்ள தாயி பின்னால போகும், கயிறு நீளும், அப்புறம் மெதுவா முன்னால வரும். போகும், வரும். போகும், வரும். பாத்துக்கிட்டே இருந்தவரு, பொண்டாட்டி தோள்ல சாஞ்சு, நின்னுக்கிட்டே கொர்ருன்னு கொறட்டை விட்டுட்டாரு. மூணு நாள்ல அதுதான் அவருக்கு மொதத் தூக்கம்.

ம்? ம் சொல்லலையா? சரி, கதையும் கரைக்கு வந்துருச்சு. படு.