மீன்வலைக்கு அடியில் மகாராஜா

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் தங்கள் புகழைத் தாங்களே உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்த காலத்தில், மல்லகண்டன் என்று ஒரு மகாராஜா இருந்தார். நல்ல சண்டைக்காரர். உடம்பில் பதினேழு தழும்பு, அதில் ஒன்றுகூட முதுகில் இல்லை. அதையெல்லாம் நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் மனுஷனுக்கு ஒரு பித்து. எந்த ஊரில் யார் தன் கதையைக் கூத்தாகக் கட்டினாலும், பொம்மலாட்டமாக ஆடினாலும், சுவரில் படமாக எழுதினாலும் உடனே அவரிடம் வந்து சொல்லியாக வேண்டும். "மீசையைச் சரியாக வைத்தார்களா? பொம்மைக்குத் தொப்பை இருந்ததா?" என்று துருவித் துருவிக் கேட்பார். நாட்டில் மழை பெய்ததா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

எல்லாக் கதையிலும் உச்சக்கட்டம் ஒன்றே. வெள்ளம் கரைபுரண்ட எல்லை ஆற்றை மகாராஜா தன் வெள்ளைக் குதிரையில் ஒரே தாவலாகத் தாவி, அக்கரைக் கோட்டையைப் பிடித்தது. அந்தப் பாட்டைக் கட்டியவன் அரண்மனை விகடகவி வேம்பையன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் மகாராஜா சொல்லச் சொல்லக் கட்டினான். சின்னப் பிள்ளைகள்கூட அதைப் பாடிக்கொண்டுதான் குச்சிக்குதிரை ஓட்டும். அந்தக் குதிரைக்குச் சந்தைத் திடலில் கல்லில் சிலை வேறு வைத்திருந்தார்கள்.

இந்த வேம்பையனைக் கண்டால் ஆஸ்தானத்தில் இருந்த ஏகாம்பர பண்டிதருக்கு வயிறு எரியும். பாவம், அவர் விடிய விடிய உட்கார்ந்து நாற்பது செய்யுள் எழுதிக்கொண்டு வந்து படிப்பார். மகாராஜா கொட்டாவி விடுவார். வேம்பையன் வந்து சும்மா ஒரு தும்மல் போடுவான். மகாராஜா விழுந்து விழுந்து சிரிப்பார். எரியாமல் என்ன செய்யும்?

ஒரு நாள் பண்டிதர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க சபைக்கு ஓடி வந்தார்.

"மகாராஜா! என் கண்ணால் கண்டதை என் வாயால் எப்படிச் சொல்வேன்! ஆற்றங்கரைத் திருவிழாவில் ஒரு கூத்து பார்த்தேன். அதில் தாங்கள் குதிரையில் தாவவில்லை. ஒரு பரிசலில், நாற்றம் பிடித்த மீன்வலைக்கு அடியில் சுருண்டு படுத்து ஆற்றைக் கடக்கிறீர்கள். ஜனங்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். நம்முடைய வேம்பையனும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்!"

மகாராஜாவின் முகம் காதுவரைக்கும் சிவந்துபோனது. சபையில் எல்லோரும் அதைக் கோபம் என்றே நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் அது வெட்கம். ஏனென்றால் அந்தக் கூத்தில் காட்டியதுதான் நிஜமாக நடந்தது. அது மகாராஜாவுக்குத் தெரியும். சபையில் வேறு யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாளே அந்தக் கூத்தை நடத்திய வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். பெயர் வேடியப்பன். ஐம்பது வயசிருக்கும். இடது கை சூம்பிப்போய்த் தொங்கியது. மகாராஜா அந்த ஆளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "இந்தக் கதையை உனக்கு யார் சொன்னது?"

"கேள்விப்பட்டதுங்க, சாமி."

"நாக்கை அறுத்துவிடுங்கள்."

அவ்வளவுதான், இரண்டே வார்த்தை. வேம்பையன் பதறிப்போய் முன்னால் வந்தான். "பிரபு! கூத்துக்காரன் சிரிக்க வைக்கத்தானே ஆடுகிறான்? நானும் அதைத்தானே செய்கிறேன்? அதற்காக நாக்கையா அறுப்பது?"

பண்டிதர் இதற்காகவே காத்துக்கொண்டிருந்தார். "மகாராஜா, விகடகவிக்கு இத்தனை கருணை இருந்தால் ஒரு வழி செய்யலாம். எட்டு நாள் தவணை கொடுங்கள். இதே கூத்துக் கோஷ்டி இதே சபையில் தங்கள் கதையை ஆடட்டும். ராஜா வேடம் கட்டுகிறவன் தங்களிலிருந்து எள்ளளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கதையும் அப்படியே. பிசகினால் பிசகாகச் சொன்னவன் நாக்கும் போகட்டும், பொறுப்பேற்ற வேம்பையன் நாக்கும் போகட்டும்."

பொறியைப் பாருங்கள். குதிரை தாவியது என்று ஆடினால், வாத்தியார் முன்பு ஆடியது பொய் என்று ஒப்புக்கொண்டதாகும். வலையைக் காட்டினால் அது ராஜநிந்தனை. எந்தப் பக்கம் போனாலும் நாக்கு போகும். தவிரவும் மகாராஜாவைப் போல எள்ளளவும் குறையாத ஆளை எங்கே போய்த் தேடுவது?

மகாராஜா சரி என்று தலையாட்டிவிட்டார். ஆணையை ஓலையில் எழுதி முத்திரையும் வைத்தாயிற்று.

அன்று மத்தியானமே வேம்பையன், வாத்தியாரை அடைத்திருந்த சிறைக்குப் போனான். வேடியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, மறைக்காமல் சொல்லும். இந்த வலைக் கதை எங்கிருந்து வந்தது?"

வேடியப்பன் சூம்பிய கையைத் தடவிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "நான்தாங்க அந்தப் பரிசல்காரன்."

வேம்பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"குதிரை தண்ணியப் பார்த்ததும் நாலு காலையும் ஊனிக்கிட்டு நின்னுடுச்சுங்க. சேனையெல்லாம் அக்கரைக்குப் போயிருச்சு. சாமிக்குத் தண்ணின்னா பயம். அக்கரையிலிருந்து அம்பு வேற வருது. படுங்க சாமின்னு வலையப் போட்டு மூடிப் பரிசலத் தள்ளினேன். நடு ஆத்துல ஒரு அம்பு இந்தத் தோள்ல ஏறிச்சு. கரையில இறங்கினதும் சாமி கத்தி எடுத்துக்கிட்டு ஓடினாரு பாருங்க, புலிதான்! அன்னிக்குக் கோட்டையப் பிடிச்சது அவருதான். அதுல பொய்யே இல்ல. என்னைத் திரும்பிப் பார்க்கல. சண்டை நேரம், எப்படிப் பார்ப்பாரு?"

"இதைச் சபையில் சொல்லியிருந்தால் உயிரைக் காப்பாற்றியவன் என்று விட்டிருப்பாரே! ஏன் ஐயா சொல்லவில்லை?"

"அத்தனை பேரு முன்னாலயா? சொன்னா அவரு தலைய எங்க கொண்டுபோய் வெப்பாரு? எனக்கே கூச்சமா இருந்துச்சுங்க."

"கூத்தில் மட்டும் ஆடினீரே?"

"அது தப்புதாங்க. என்ன பண்றது, எங்க ஊருல நான் சொன்னத ஒருத்தரும் நம்பல. குதிரை தாவுச்சுன்னு நாடே பாடுது, இவன் பரிசல்ல கொண்டாந்தானாம்னு என்னைப் புளுகன்னே கூப்பிட்டாங்க. குடிச்சிட்டு விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டான்னாங்க. துடுப்புப் போட முடியாம கூத்துக்கு வந்தேன். கூத்துல ஆடினா மட்டும் கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டுதான் கேட்டாங்க, ஆனா கேட்டாங்க. ஒண்ணு சொல்றேன், அந்தக் குதிரைப் பாட்டு நல்ல பாட்டுங்க. யாரு கட்டினாங்களோ. என் பேரப்பிள்ளைங்ககூட அதைத்தான் பாடுது."

அதைக் கட்டியவன் நான்தான் என்று சொல்ல வேம்பையனுக்கு வாய் வரவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிற வாய்! எழுந்து வெளியே வந்தவன், காவல்காரன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்தான். தான் கட்டிய பாட்டுக்கு இப்படி ஒரு கூலியை ஒருத்தன் பதினொரு வருஷமாகச் சுமந்திருக்கிறான் என்று நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பே கூசியது. சொல்கிற எனக்கே கூசுகிறது, போங்கள்.

எட்டாம் நாள் காலையில் சபை நிறைந்திருந்தது. வேம்பையன் கையில் ஆணை ஓலையோடு வந்து நின்றான்.

"மகாராஜா, நாடு முழுக்கத் தேடினேன். ஒருவன் உயரம் சரியாக இருந்தது, மூக்கு கூடிவிட்டது. இன்னொருவனுக்கு மூக்கு சரி, தழும்பு பதினாறுதான். எள்ளளவும் கூடாமல் குறையாமல் இருக்கிறவர் இந்த உலகத்தில் ஒருவரே. அவர் அதோ சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆணைப்படி அவர்தான் வேடம் கட்ட வேண்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. மகாராஜாவுக்கும் உள்ளூர ஆசைதான். பண்டிதர் இதில் பின்தங்குவாரா? "ஆகா! தங்கள் வேடத்தைத் தங்களைத் தவிர வேறு யார் ஆட முடியும்! திரை பிடிக்கிற பாக்கியத்தை அடியேனுக்குத் தாருங்கள்!" என்று முந்திக்கொண்டார்.

கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா வேடம் எடுத்த எடுப்பில் ஆட்டக்களத்துக்குள் வந்துவிட முடியாது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ராஜா அதற்குப் பின்னால் நிற்பார். கட்டியங்காரன், அதாவது கோமாளி, முன்னால் நின்று கேட்பான்: நீர் யார், எந்த நாடு, இங்கே எப்படி வந்தீர் என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் திரை இறங்கும். பதில் சொல்லாத ராஜா அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

மகாராஜாவுக்கு முகத்தில் அரிதாரம் பூசி, மரக் கிரீடம் வைத்து, தோளில் புஜக்கட்டை கட்டினார்கள். திரையின் ஒரு முனையைப் பண்டிதர் பிடித்தார். மறு முனையை, சிறையிலிருந்து அழைத்து வந்திருந்த வேடியப்பன் ஒற்றைக் கையால் பிடித்தார். வேம்பையன் கோமாளிக் குல்லாய் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"யாரய்யா அது திரைக்குப் பின்னால்?"

"மல்லகண்ட மகாராஜா!" கம்பீரமான குரல். சபை ஆரவாரித்தது.

"அக்கரைக் கோட்டையைப் பிடித்தது யார்?"

"நாமே!"

"அது சரி. அக்கரைக்கு எப்படிப் போனீர்?"

"வெள்ளைக் குதிரையில்..." என்று ஆரம்பித்தார் மகாராஜா.

வேம்பையன் ஓலையை விரித்தான். "இருங்கள் ராஜாவே, ஒரு சின்ன விஷயம். இது நம் நாட்டு மகாராஜாவின் ஆணை. எள்ளளவு கூடினாலும் குறைந்தாலும் சொன்னவர் நாக்கு போய்விடும். வேடம் கட்டியவர் யாராக இருந்தாலும் விலக்கு என்று இதில் எழுதவில்லை. இப்போது சொல்லுங்கள்."

மத்தளம் நின்றது. திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிந்தது. அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வேம்பையன் விரித்த ஓலையை இறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான். அவன் என்ன, தைரியசாலியா? வெட்கம் தாங்காமல் துணிந்துவிட்டான், அவ்வளவுதான்.

அப்புறம் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதில் கம்பீரம் இல்லை.

"குதிரை தாவவில்லை."

பண்டிதர் வெலவெலத்துப்போய்த் திரையைத் தன் தலைக்கு மேலே தூக்கினார். மகாராஜாவை மறைத்துவிட நினைத்தாராம்! அவர் பக்கம் மட்டும் திரை எழும்பியதில், கீழே மகாராஜாவின் பாதங்கள் நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

"எனக்குத் தண்ணீர் என்றால் பயம்," என்றது குரல். "ஒரு பரிசல்காரன் வலையைப் போட்டு மூடி என்னைக் கொண்டுபோனான். அவன் தோளில் அம்பு பாய்ந்தது. அவன் இரத்தம் என் மேல் சொட்டியது. கரையேறியதும் ஓடிவிட்டேன். போர் முடிந்த பிறகாவது தேடியிருக்கலாம். தேடினால் வலைக் கதை வெளியே வந்துவிடும் என்று தேடவில்லை. குதிரைக்குச் சிலை வைத்தேன்."

"அந்தப் பரிசல்காரன் பெயர் என்ன?"

"தெரியாது. நான் கேட்கவில்லை."

அப்போது திரையின் மறு முனையிலிருந்து வேடியப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"சாமி, கோவிச்சுக்கக் கூடாது. ஒண்ணு குறையுதுங்க. நாக்கு விஷயம்னால சொல்றேன்."

"என்ன குறைகிறது?"

"நடு ஆத்துல, வலைக்குள்ள இருந்து, மீன் கடிக்குமான்னு கேட்டீங்க."

அது எந்தக் கூத்திலும் வராத வசனம். வேடியப்பன் அதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. பரிசலில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

மகாராஜா திரையைத் தானே இழுத்துக் கீழே தள்ளினார். வேடியப்பனின் முகத்தைப் பார்த்தார். சூம்பிய கையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். ஐயோ, அது என்ன சிரிப்பு! "ஆமாம், கேட்டேன்! மீன் கடிக்குமா என்று கேட்டேன்! நீ என்ன சொன்னாய்? செத்த மீன் எப்படிக் கடிக்கும் சாமி என்றாய்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டி அரிதாரமெல்லாம் கரைந்து வழிந்தது. சபையும் பயந்து பயந்து சிரித்தது. எப்போது அது அழுகையாக மாறியது என்று பக்கத்தில் நின்ற வேம்பையனுக்குக்கூடத் தெரியவில்லை.

"அடியேன் அப்போதே சந்தேகப்பட்டேன்..." என்று ஆரம்பித்தார் பண்டிதர்.

"நீர் திரையைப் பிடியும்," என்றார் மகாராஜா. கூத்து முடிகிறவரைக்கும் பண்டிதர் தனியாகத் துணியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

வேம்பையன் குல்லாயைக் கழற்றினான். "பிரபு, வாத்தியாரே, குதிரைப் பாட்டைக் கட்டிய நாக்கு என்னுடையது. அறுப்பதாக இருந்தால் இதைத்தான் அறுக்க வேண்டும்."

"கட்டச் சொன்ன வாய் என்னுடையது," என்றார் மகாராஜா. தன் கைவிரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி அவனுக்குப் போட்டார். வேம்பையன் எத்தனையோ பரிசு வாங்கியவன். இதை வாங்கும்போது மட்டும் அவன் தலை நிமிரவில்லை.

மகாராஜா வேடியப்பன் பக்கம் திரும்பினார். "என்ன வேண்டும், கேளும். பாதி ராஜ்ஜியம் கேட்டாலும் தருகிறேன்."

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? நாக்கு இருக்கு, போதுங்க."

மகாராஜா சிம்மாசனத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மரக் கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். பக்கத்தில் வந்து, இந்த முறை முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"உங்கள் பெயர் என்ன?"

"வேடியப்பனுங்க."

மகாராஜா அந்தப் பெயரைத் தனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "என்னை அக்கரை சேர்த்தது குதிரை இல்லை, வேடியப்பன்!"