உயரம் பார்க்கும் கோபம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், நெடுங்கரை நாட்டை நாக்குக்கு அடிமையான ஒரு ராஜா ஆண்டுவந்தார். செங்கோடமல்லர் என்று பெயர். சாப்பாடு ருசித்தால் பரிசு கொடுப்பார். ருசிக்காவிட்டால் வரி போடுவார்.

அவருடைய மடைப்பள்ளித் தலைவன் கூத்தன். புளிக்குழம்பு வைத்தால் ஊரே மணக்கும். வீட்டில் அவன் வேறு ஆள். பெண்டாட்டி செத்த பிறகு ஒருநாள், கூழைச் சிந்தினான் என்று ஒன்பது வயது மகன் சாத்தனின் கையை இரும்புக் கரண்டியால் அடித்து முறித்தான். அழுதுகொண்டே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட சின்னவள் குயிலியின் முதுகில் கொதிக்கிற கூழைக் கவிழ்த்தான். மந்திரி அறவாழி விசாரித்து, பன்னிரண்டு வருஷம் சிறை என்று தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகளை அவர்களின் சித்தி வெள்ளச்சி கூட்டிக்கொண்டு போனாள். அவள் மோர் விற்கிறவள்.

மூன்று மாதத்தில் ராஜாவின் பிறந்தநாள் வந்தது. அன்றைக்கு ஒரு கைதியை விடுவிப்பது அந்த நாட்டு வழக்கம். மந்திரியின் பேரைக் கேட்டாலே வயிறு எரிகிற பிரதானி தாண்டவராயர் முன்னால் வந்தார்.

"மகாராஜா, கூத்தனை விடலாம். பெற்றவன் அடிக்கக் கூடாதா? அடிக்கிற கைதானே அணைக்கும்! ஏதோ, கோபம் கண்ணை மறைத்துவிட்டது. இப்போது பசுவாக இருக்கிறான். மந்திரியார்தான் அவசரப்பட்டுவிட்டார்."

ராஜாவுக்குப் புளிக்குழம்பு ஞாபகம் வந்தது. "பசுவா புலியா என்று நானே பார்க்கிறேன்" என்றார்.

வெள்ளச்சிக்கும் ஆள் போயிற்று. தகப்பன் வெளியே வந்தால் பிள்ளைகள் தகப்பனுக்கே என்பது அங்கே சட்டம். சந்தையிலிருந்து மோர்க்குடத்தோடு வந்தவள், விஷயம் தெரிந்ததும் சபையின் முன்வரிசைக்கே போய் நின்றாள்.

சிறையிலிருந்து விலங்கோடு கூட்டிவந்த கூத்தனின் மீசையை ராஜா பிடித்து இழுத்தார். அவன் சிரித்தான். "கழுதை!" என்றார். "உத்தரவு, மகாராஜா!" என்றான். ராஜா வெள்ளச்சியின் குடத்தை வாங்கி, பாதி மோரை அவன் தலையில் ஊற்றினார். கூத்தன் உதட்டை நக்கி, "அமிர்தம்!" என்றான். சபை கொல்லென்று சிரித்தது.

"பசுவேதான்! விலங்கைக் கழற்று. மத்தியானமே புளிக்குழம்பு!" என்று ராஜா சிம்மாசனத்துக்குத் திரும்பினார். காவலன் விலங்கைக் கழற்றினான்.

"மகாராஜா, நானும் ஒருவாட்டி சோதிச்சுப் பாக்கட்டுமா?" என்றாள் வெள்ளச்சி.

"தாராளமாக!"

அவள் ஒரே ஒரு கரண்டி மோரை எடுத்துக் கூத்தனின் தோளில் ஊற்றினாள்.

பளார்! வெள்ளச்சி தரையில் கிடந்தாள். "மோர்க்காரச் சிறுக்கி! யார் மேல ஊத்தறே?" என்று கத்திய பிறகுதான் கூத்தனுக்கு இருக்கும் இடம் உறைத்தது. ஓங்கிய கையை அப்படியே கும்பிடாக்கினான்.

வெள்ளச்சி உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க அரைக்குடம் ஊத்தினீங்க, சிரிச்சாரு. நான் ஒரு கரண்டி ஊத்தினேன், அடிச்சாரு. கோவம் கண்ணை மறைச்சா ராஜாவும் தெரியக் கூடாது, மோர்க்காரியும் தெரியக் கூடாது. இவரு கோவத்துக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, மகாராஜா. எதிர்ல நிக்கிறவங்க உயரத்தைப் பாத்துட்டுத்தான் வருது. குயிலி இவரு இடுப்புக்குக்கூட வர மாட்டா."

ராஜா மோர் வழிகிற தம் கையைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. "அடிப்பான் என்று தெரிந்தேவா ஊற்றினாய்?"

"தெரியும். அதான் கரண்டியை இடது கையில பிடிச்சேன். வலது கையை முறிச்சிட்டா நாளைக்கு மோர் கடைய முடியாதே."

மந்திரி மட்டும் மெல்லச் சிரித்தார். கூத்தன் சிறைக்குத் திரும்பினான். தகப்பன் எப்போது வெளியே வந்தாலும் பிள்ளைகள் சித்தியிடமே என்று ராஜா தம் கையாலேயே ஓலை எழுதிக் கொடுத்தார்.

"தாண்டவராயரே, உம்மால் என் புளிக்குழம்பு போயிற்று. இனி நீரே சமையும்."

அன்று முதல் அரண்மனையில் சோறு குழைந்தது, குழம்பில் உப்பு கரித்தது. ராஜா குறை சொல்லாமல் சாப்பிட்டார். வரியும் போடவில்லை.

வெள்ளச்சி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றினாள். குயிலியின் கை நழுவி, கலயம் கவிழ்ந்தது. உடனே அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"சிந்தினா சிந்தட்டும்டி. பானையில இன்னும் இருக்கு" என்று வெள்ளச்சி கலயத்தை மறுபடி நிரப்பிவைத்தாள். குயிலி தலையிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் எடுத்தாள்.