மரத்தின் மேலிருந்து ஒரு முறையீடு

சடையப்பன், வெயிலுகந்தான், மயிலேறி மூவரும் அண்ணன் தம்பிகள். மூத்த இருவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். கடைசித் தம்பி மயிலேறிக்குப் பக்கத்து நாட்டில் பெண் நிச்சயமாகி, மறுநாள் காலை முகூர்த்தம். மூவரும் புது வேட்டியோடு எல்லை வாசலுக்கு வந்தார்கள்.

"எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டார் வாசல் அதிகாரி.

"ஒரு பொண்ணைக் கொண்டுபோக" என்றார் சடையப்பன். பொய் பேசிப் பழக்கமில்லாதவர்.

"அவளுக்கு உங்களைத் தெரியுமா?"

"பாத்ததே இல்லீங்க."

"அவள் சம்மதித்தாளா?"

"அவளை யாருங்க கேட்டா?"

'பெண் கடத்த வந்தவர்கள், அனுமதி இல்லை' என்று அதிகாரி ஓலையில் எழுதி நீட்டினார். மயிலேறி விம்மி விம்மி அழுதான். அதிகாரிக்கே மனம் இளகிவிட்டது.

"நீதிபதி சாயங்காலம் இந்த வழியாக வருவார். மேல்முறையீடு செய்துகொள்ளுங்கள்" என்றார்.

மூவரும் மேலே பார்த்தார்கள். வாசலை ஒட்டி ஒரு நாவல் மரம் நின்றது.

"எவ்வளவு மேலே போகணும் அண்ணே?" என்றான் வெயிலுகந்தான்.

"கல்யாண விஷயம். உச்சிக்கே போயிருவோம்."

நீதிபதி குதிரையில் வந்தபோது உச்சிக் கிளையிலிருந்து, "ஐயா, எங்களை உள்ளே விடணும்!" என்று மூன்று குரல் கேட்டது.

"கீழே இறங்கிச் சொல்லுங்கள்!"

"இறங்கினா கீழ்முறையீடு ஆயிருங்களே!"

கழுத்து வலிக்க வலிக்க நீதிபதி விசாரித்தார். நடக்கப்போவது கல்யாணம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இதை ஏன் அதிகாரியிடம் சொல்லவில்லை?"

"அவர் கேக்கலீங்க."

அந்தச் சமயத்தில் கிளை முறிந்தது. மூவரும் எல்லைக்கு உள்ளே, நீதிபதியின் காலடியில் வந்து விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் எழுந்து, "அனுமதி இன்னும் வரலியே!" என்று நொண்டிக்கொண்டே வெளியே ஓடிப்போய் நின்றார்கள்.

இத்தனை ஒழுங்கான கடத்தல்காரர்களை நீதிபதி பார்த்ததில்லை. உடனே ஆணை எழுதினார்: 'இம்மூவரும் உள்ளே வந்து, திருமணம் செய்துகொண்டு, நாளை பொழுது சாய்வதற்குள் வெளியேற வேண்டும்.'

மறுநாள் மயிலேறி தாலி கட்டினான். விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது சடையப்பன் ஆணையை எடுத்துப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"டேய், மூணு பேரும்னு போட்டிருக்கு. நாம ரெண்டு பேரும் இன்னும் கட்டலியே!"

"வீட்ல தெரிஞ்சா கொன்னுருவாளே அண்ணே!"

"நீதிபதி கையெழுத்துடா. மீற முடியுமா?"

வெகுநேரம் யோசித்தார்கள். பெண் வீட்டுக் கொல்லையில் இரண்டு வாழைகள் நின்றன. ஆளுக்கு ஒன்றாகப் பார்த்துத் தாலி கட்டினார்கள்.

"என்னுது குலை தள்ளியிருக்கு அண்ணே. ஏற்கெனவே பிள்ளைக்காரி போலிருக்கு."

"நீ மட்டும் என்ன, புது மாப்பிள்ளையா?"

இரண்டையும் வெட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்துக்கு எல்லையைத் தாண்டினார்கள். தாண்டியதும் சடையப்பன் நின்று புதுப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"இவங்க உனக்கு மூத்தவங்கம்மா. கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ."

புதுப்பெண் இரண்டு வாழைகளையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"கால் எங்கே மாமா?"

சடையப்பன் குனிந்து தேடினார். வெட்டிய அடிதான் இருந்தது.

"அடடா, உங்க கொல்லையிலேயே நின்னுபோச்சே! நீ ஓடிப்போய் விழுந்துட்டு வந்துரும்மா. அதுவரைக்கும் நாங்க இவங்களைக் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கறோம்."