'வரேன்' சொல்லாதவள்

"சிஸ்டர், கேட்கிற கருவிக்கு எவ்வளவு ஒதுக்கட்டும்?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

அவருக்கு அறுபத்தொரு வயது. மின்வாரியத்தில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். சிஸ்டர் எமரென்சியா அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் இங்கே சீடர் ஞானசிகாமணிதான்.

திண்டிவனத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே நான்கு போன்கள் வைத்திருந்தார் சிஸ்டர். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பெண்கள் பயந்துபோய்க் கூப்பிடுவார்கள். குழந்தை மூச்சு விடுகிறதா என்று பத்துத் தடவை எழுந்து பார்க்கிறேன் என்பார்கள். பால் பற்றவில்லை என்பார்கள். சிலர் ஒன்றுமே சொல்லாமல் அழுவார்கள். நான்கு பெண்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

"எனக்கும் கேட்கச் சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்று எட்டு மாதத்துக்கு முன் வந்தார் ஞானசிகாமணி.

"முதல்ல கணக்கைப் பாருங்க சார்" என்றார் சிஸ்டர்.

இன்னும் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அடுத்த வருட பட்ஜெட்டில் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று இருக்க வேண்டும். அது போனை எடுக்கும், தமிழில் பேசும், பேசியதைச் சுருக்கி எழுதும். அதன் விலை இரண்டு பெண்களின் சம்பளம். கூடுதல் பணம் கிடையாது. பட்ஜெட் இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

கருவி ஒரு மாதமாக வெள்ளோட்டத்தில் இருந்தது. முதல் போனை அதுதான் எடுத்தது. அந்த போனுக்குரிய செபஸ்தியம்மாள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிக் கேட்குது?" என்றார் சிஸ்டர்.

"நல்லாவே கேட்குது. அலுத்துக்காது. கோவப்படாது. நடுவுல டீ குடிக்கப் போகாது" என்றார் ஞானசிகாமணி.

"பேறுகால லீவும் கேட்காது. எழுதிக்குங்க சார்" என்றாள் செபஸ்தியம்மாள்.

அவளுக்கு வீட்டில் பதினோரு மாதக் குழந்தை. ஞானசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். வெட்டவேண்டிய இரண்டு பெயர்களில் ஒன்று அவளுடையது.

"இன்னிக்கு அது எழுதினதைப் படிங்க" என்றார் சிஸ்டர்.

அவர் திரையைப் பார்த்துப் படித்தார்.

"முதல் அழைப்பு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல அறிவுறுத்தப்பட்டது. நிலை: திருப்தி."

"சரி."

"இரண்டாவது அழைப்பு. வயது இருபத்திரண்டு. பெயர் இளவேனி. குழந்தை பிறந்து நாற்பது நாள். பிரச்சினை: தூக்கமின்மை. ஓய்வெடுக்க அறிவுறுத்தப்பட்டது. அழைத்தவர் நன்றி கூறி, கிளம்புவதாகத் தெரிவித்தார். நிலை: திருப்தி. மூன்றாவது அழைப்பு..."

"நில்லுங்க. எங்க கிளம்பினா?"

"அது எழுதலை சிஸ்டர்."

"குரல் இருக்கா?"

இருந்தது. ஞானசிகாமணி அழுத்தினார். மெல்லிய குரல். அழுகை இல்லை. குழந்தை சத்தமும் இல்லை. கருவி சொன்னதற்கெல்லாம் சரி, சரி என்றது. கடைசியில், "சரிக்கா. ரொம்ப தேங்க்ஸ்க்கா. அப்ப நான் போறேன்" என்றது.

"உங்கள் நாள் இனிதாகட்டும்" என்றது கருவி.

செபஸ்தியம்மாள் அதற்குள் எழுந்துவிட்டாள். கருவியைத் தள்ளிவிட்டு போனை இழுத்து அந்த எண்ணை அழுத்தினாள். பக்கத்து மேசைப் பெண், தான் பேசிக்கொண்டிருந்தவளிடம் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் ஞானசிகாமணி.

"வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என்ன சொல்வீங்க சார்?" என்றார் சிஸ்டர்.

"வரேன்னு சொல்வேன்."

"போனை வைக்கும்போது?"

"வெச்சிடறேன்னு..."

நிறுத்திவிட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"என்னடி செல்லம்," என்றாள் செபஸ்தியம்மாள், கூடப் பிறந்தவளிடம் பேசுவதுபோல. "காலையில எங்க மெஷின்கிட்ட போறேன்னு சொன்னியாமே? அது அசடு. அதுக்கு ஒண்ணும் புரியல. என்கிட்ட சொல்லு. எங்க போற?"

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது.

"அழு, அழு. நான் வைக்க மாட்டேன். பாப்பா எங்க? ... பக்கத்து வீட்லயா? அவங்க பேரு என்னம்மா? ... கையில பை இருக்கா? பர்ஸ்? ... ஒண்ணுமே எடுக்காம எந்த ஊருக்குடி போவ? அங்கயே பெஞ்சுல உக்காரு. உக்காந்துட்டியா?"

பேசிக்கொண்டே ஊர்ப் பெயரைத் தாளில் எழுதி நீட்டினாள். பக்கத்து மேசைப் பெண் அந்த ஊர் செவிலியரைக் கூப்பிட்டாள். சிஸ்டர் கருவியை அணைத்தார். ஞானசிகாமணி பட்ஜெட் தாளை வைத்துக்கொண்டு நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் ஆனது. செவிலியர் போய்ச் சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் செபஸ்தியம்மாள் மூச்சு விட்டாள்.

"இப்ப போனை வைக்கலாம். ஆனா ஒழுங்கா சொல்லிட்டு வை."

"வெச்சிடறேன்க்கா" என்றது குரல். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு வரேன்க்கா. போன்ல வரேன்."

செபஸ்தியம்மாள் போனை வைத்தாள். "இப்ப நான் டீ குடிக்கப் போகலாமா சார்?" என்று கேட்டாள்.

அவள் இறங்கிப் போனதும் ஞானசிகாமணி மெதுவாகச் சொன்னார்.

"மெஷினைச் சொல்லி என்ன சிஸ்டர். கிளம்புவதாகத் தெரிவித்தார்னு நானும்தானே படிச்சேன். அடுத்ததுக்குப் போயிட்டேனே."

"அதனாலதான் எட்டு மாசமா உங்களுக்கு போன் தரல" என்றார் சிஸ்டர்.

நாலரை மணிக்கு அறக்கட்டளையிலிருந்து நிவேதன் என்ற அதிகாரி சிஸ்டரின் கைபேசியில் கூப்பிட்டார். பட்ஜெட் இன்னும் வரவில்லையே என்றார். கருவிக்கான தொகையில் கை வைக்கக் கூடாது என்றார். மேலிடத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றார்.

"எங்க முதல் நம்பருக்குக் கூப்பிடுங்க சார். அதுல விவரமா பேசலாம்" என்று சொல்லி வைத்தார் சிஸ்டர். அணைத்திருந்த கருவியை மறுபடி போட்டார்.

போன் அடித்தது. கருவி எடுத்தது. ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது.

"வணக்கம். உங்கள் மனதில் இருப்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்."

"சிஸ்டரைக் கூப்பிடுங்க. பட்ஜெட் விஷயம்."

"பட்ஜெட் உங்களுக்குக் கவலை அளிக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். நன்றாகத் தூங்குகிறீர்களா?"

"என்னங்க இது? சிஸ்டரைக் குடுங்கன்னேன்."

"குழந்தைக்கு எத்தனை மாதம்?"

"ஹலோ! யாராவது ஆளைக் குடுங்கய்யா! ஒரு மனுஷனைக் குடுங்க!"

அந்த அறையில் காலையிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. இப்போது சிரித்தார்கள். நிவேதன் வைத்துவிட்டார். திரையில் சுருக்கம் வந்தது. சிஸ்டர் கருவியின் வயரைப் பிடுங்கி, சுற்றி, மேசை டிராயருக்குள் வைத்தார்.

"படிங்க சார்."

"அழைத்தவர்: ஆண். பிரச்சினை: பட்ஜெட். மனநிலை: கோபம். கோரிக்கை: ஒரு ஆள் வேண்டும்."

"எவ்வளவு நல்லா எழுதியிருக்கு. பட்ஜெட்டோட விளக்கக் குறிப்புல அதை அப்படியே சேத்துடுங்க. நாலு பேர் சம்பளம், நாலு பேருக்கும். ஒரு பேரையும் வெட்டாதீங்க."

"கருவிக்கு?"

"கொஞ்சம் போடுங்க. அறக்கட்டளையில மூணு மாசத்துக்கு ஒரு தடவை நாப்பது பக்கம் அறிக்கை கேக்கறாங்க இல்ல, அதை அது எழுதட்டும். நம்ம பொண்ணுங்ககிட்ட மனுஷங்க பேசட்டும். அவங்ககிட்ட மெஷின் பேசட்டும்."

ஞானசிகாமணி உட்கார்ந்து தொகைகளை மாற்றினார். முப்பத்தைந்து வருடம் மேலிடம் கேட்ட தொகையைக் கேட்ட இடத்தில் எழுதியவர். ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது.

"கோவிச்சுக்கிட்டுப் பணத்தை நிறுத்திட்டாங்கன்னா சிஸ்டர்?"

"நிறுத்தட்டும்."

"அப்புறம் நாலு பேருக்குச் சம்பளம்?"

"யார் வீட்டுக் கதவையாவது தட்டுவேன். தட்டித்தான் இதைத் தொடங்கினேன்."

"தட்டியும் கிடைக்கலன்னா? போனை எடுக்க யாரு இருப்பாங்க?"

முதல் போன் அடித்தது. மற்ற மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். செபஸ்தியம்மாளை ஐந்து மணி வரை கீழேயே இருக்கச் சொல்லியிருந்தார் சிஸ்டர்; அவள் இன்னும் மேலே வரவில்லை.

சிஸ்டர் அந்த போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்கதான். எடுங்க சார், வெச்சிடப் போறா."