ஊஞ்சல் பாட்டு யாருடையது?

வேங்கைநாட்டு மன்னர் வீரகேசரிக்குப் பாட்டு என்றால் உயிர். பாட்டுத் திருட்டு என்றால் ஆத்திரம். பாட்டைத் திருடியவரை நாடு கடத்திவிட வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தார்.

இளவரசியின் கல்யாணத்துக்குப் புது ஊஞ்சல் பாட்டு வேண்டும் என்று அறிவித்தார். அரண்மனைப் பாடகி அலர்மேலு ராப்பகலாக உட்கார்ந்து ஒன்று கட்டினாள். அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்தான வித்வான் பஞ்சநதம். அந்த மகானுபாவர் சுவரில் காதை வைத்தே முழுப் பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டார்! சபையில் முந்திக்கொண்டு பாடியும் விட்டார். அடுத்து வந்த அலர்மேலு வாயைத் திறந்தால், அதே பாட்டு.

"திருட்டு! பட்டப்பகல் திருட்டு!" என்று பஞ்சநதம் மார்பில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, இது நான் கட்டின பாட்டு மகாராஜா!" என்று கதறினாள் அலர்மேலு.

யார் நம்புவார்கள்? முதலில் பாடியவர் வித்வான். அதுவும் சரிகை அங்கவஸ்திரம் போட்ட வித்வான். பாவம், அவள் அன்றே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மன்னர் ஆணையிட வாயெடுத்தார். குறும்புக்குப் பேர்போன மந்திரி பூவராகன் எழுந்தார்.

"மகாராஜா, இருவரிடமும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்."

"கேளும்."

"வித்வானே, இந்தப் பாட்டில் குறை ஏதாவது உண்டா?"

தன் பாட்டில் குறை என்றால் சண்டைக்கே போவது அந்தச் சபை வித்வான்களின் வழக்கம். பஞ்சநதம் சீறினார். "குறையா? ஓர் எழுத்தை அசைத்துப் பாரும்! அப்பழுக்கில்லாத பாட்டு!"

"நீ என்னம்மா சொல்கிறாய்?"

அலர்மேலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூன்றாவது அடி சரியில்லை ஐயா. ஊஞ்சல் முன்னால் போய்விடுகிறது, பாட்டு பின்னால் இழுக்கிறது. முதலில் அங்கே குயிலை வைத்தேன், ஒட்டவில்லை. அப்புறம் நிலாவை வைத்தேன். கல்யாணப் பெண்ணைவிட நிலா பெரிதாகிவிட்டது. வேறு வழியில்லாமல்தான் கிளியைக் கொண்டுவந்தேன். முடிப்பு இருக்கிறதே, அது இன்னும் மோசம்..."

"போதும், போதும்!" மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் பாட்டை நீயே இப்படித் திட்டுகிறாயே!"

பூவராகன் கைகூப்பினார். "பெற்றவளுக்குத்தான் மகாராஜா, பிள்ளை எதற்கெல்லாம் அழுதது என்று தெரியும். தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு அது சிரித்த முகம் மட்டும்தான் தெரியும்."

பஞ்சநதத்தின் முகம் வெளுத்தது. மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி அலர்மேலுவுக்குக் கொடுத்தார். கல்யாணத்தில் அவளே பாடட்டும் என்றார். பூவராகனுக்கு ஒரு பட்டுச் சால்வை.

"சரி, இந்த வித்வானை நாடு கடத்திவிடலாமா?" என்று மந்திரியைக் கேட்டார்.

"வேண்டாம் மகாராஜா, வயதானவர். இங்கேயே இருக்கட்டும். நாளைக்குச் சபையில் சொந்தமாக ஒரே ஒரு பாட்டுக் கட்டிப் பாடிவிட்டால் மன்னித்துவிடலாம்."

பஞ்சநதம் ஓடிவந்து மன்னர் காலில் விழுந்தார்.

"எந்த நாட்டுக்கு என்று மட்டும் சொல்லுங்கள் மகாராஜா, இப்போதே கிளம்புகிறேன்!"